காகிதம் சொன்ன விலை

கிளட்ச்சுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அறுபத்திரண்டாயிரத்து நானூறு. காரின் இன்ஜினை இறக்கி ஏற்றியபோது வாங்கியது கொஞ்சம், அந்த இன்ஜின் ஓட ஆரம்பித்த சூட்டோடு அவள் புருஷன் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாங்கியது மீதி. குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்த கதை. வட்டி கிடையாது. சொந்தத்துக்குள் வட்டி வாங்கினால் வாங்கினவன் உருப்பட மாட்டான் என்று கிளட்ச் சொல்லிவிட்டார். வட்டிக்குப் பதிலாகக் காரின் ஒரிஜினல் ஆர்.சி. புத்தகத்தை வாங்கித் தன் பீரோவில் வைத்துக்கொண்டார்.

கிளட்ச் வேற்றாள் இல்லை. அவள் நாத்தனாரின் வீட்டுக்காரர், வாடகைக் கார் ஸ்டாண்டில் மூத்த டிரைவர். எதையும் ஒரேயடியாக விடவும் மாட்டார், ஒரேயடியாக அழுத்தவும் மாட்டார், பாதியில் வைத்தே ஓட்டுவார் என்பதால் அந்தப் பெயர் விழுந்தது. முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் என்னப்பா என்று திரும்புவார். அவளுக்கு மட்டும் அவர் அண்ணன்.

அவள் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக் கூடத்தில் வேலை செய்தாள். விரிப்புகளை இஸ்திரி உருளைக்குள் கொடுப்பது அவள் வேலை. விடியற்காலையில் எழுந்து புருஷனைக் குளிப்பாட்டி, உடுத்தி, கைத்தாங்கலாகக் கீழே கூட்டிப்போய்க் கார் ஷெட்டில் டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் மேலே வந்து சமைப்பாள். அவன் அங்கே உட்கார வேண்டும் என்று கேட்டான், அவள் உட்கார வைத்தாள். வலது கையும் வலது காலும் மரத்துப்போனவன் இடது கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பான். வேலைக்குக் கிளம்பும்போது மறுபடி மேலே ஏற்றுவாள். அவனுக்கு மரத்தது ஒரு பக்கம். அவளுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருநாள் பஸ்ஸில் எவனோ அவள் காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்ட பிறகுதான் மிதித்தது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளட்ச் வந்தார். தனியாக வரவில்லை. ஸ்டாண்டிலிருந்து இரண்டு டிரைவர்களையும் கூட்டி வந்தார். ஒருவர் ஒல்லியானவர், எதற்கும் சிரிப்பவர். இன்னொருவருக்கு ஊமை என்று பெயர், பேச வராமல் இல்லை, பேசுவதில்லை. இரண்டு டிரைவர்கள் கூட வந்தால் அது என்ன விஷயம் என்று ஸ்டாண்டைத் தெரிந்த எவருக்கும் தெரியும். கார் கைமாறப் போகிறது.

அந்த ஸ்டாண்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரு டிரைவர் தன் காரை ஸ்டாண்டில் இன்னொருவருக்குக் கொடுத்தால் பேரம் கிடையாது. பானெட்டைத் திறந்து பார்ப்பதில்லை, டயரை உதைத்துப் பார்ப்பதில்லை. அந்த வருஷத்து இன்சூரன்ஸ் காகிதத்தில் காருக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறதோ அதுதான் விலை. இரண்டு டிரைவர்கள் சாட்சி. காகிதம் உயிரோடு இருக்க வேண்டும், தேதி முடிந்த காகிதத்துக்கு விலை இல்லை. எந்தக் காலத்திலோ பேரத்தில் இரண்டு பேர் மண்டை உடைந்த பிறகு வந்த ஏற்பாடு என்பார்கள்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் அதே ஸ்டாண்டுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. வருஷா வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது பிரீமியத்தைக் குறைக்க எல்லோரும் காரின் மதிப்பைக் குறைத்துப் போடுவார்கள். மதிப்பு இறங்கினால் கட்டுகிற பணம் இறங்கும். இன்றைக்குக் குறைகிறது கண்ணுக்குத் தெரிகிறது, கைமாற்றுகிற நாள் எவனுக்கு எப்போதோ. இப்படியே ஓட்டி, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனபிறகு, உடம்புக்கு முடியாமலோ பெண்ணின் கல்யாணத்துக்கோ காரைக் கொடுக்க வேண்டி வரும்போது, கட்டெறும்பு விலைதான் கிடைக்கும். கிளட்ச் அந்த விலைக்கு ஏற்கெனவே இரண்டு கார்கள் எடுத்திருந்தார். அதில் ஒன்று ஒல்லியானவருடையது. இப்போது அதையே அவர் நாள் வாடகைக்கு ஓட்டுகிறார்.

கிளட்ச் நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்து, அவள் கொடுத்த டீயைப் பாதி குடித்துவிட்டுப் பேச்சை எடுத்தார். வெள்ளிக்கிழமையோடு இன்சூரன்ஸ் முடிகிறது, அதற்குள் புதுசு போட்டுவிடு, காகிதம் வந்ததும் காரை நானே எடுத்துக்கொள்கிறேன், ஷெட்டில் துருப்பிடிப்பதற்குப் பதில் ஓடட்டும் என்றார்.

"காகித விலைக்குத்தான் எடுத்துக்கறேன் தங்கச்சி. இவங்க ரெண்டு பேரும் சாட்சி. என்ன போட்டிருக்கோ அத கடன்ல கழிச்சுக்கலாம். ஒண்ணு பண்ணு, மதிப்ப நாப்பதுக்குப் போடு. போன வருஷம் நாப்பத்தெட்டு போட்டு ஏன் வீணா கட்டினீங்க? பிரீமியம் நல்லா இறங்கும். அதுக்கும் கையில இல்லன்னா நானே கட்டிடறேன்."

"மீதி?" என்று கேட்டாள்.

"மீதி இருபத்திரெண்டு சொச்சம். மெதுவா குடு. யாரு இப்ப கழுத்துல கத்திய வெச்சா?"

கட்டிலில் சாய்ந்திருந்த அவள் புருஷன் வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, எனக்குச் சரியாகிவிடும் மச்சான், இரண்டே மாசம் என்றான். ஓட்டு, ஓட்டு, கார் என்னுடையதானாலும் சாவி உன்னுடையதுதானே என்றார் கிளட்ச். அவர் பொய் சொல்லவில்லை. அவனையும் நாள் வாடகைக்கு ஓட்ட வைப்பார். ஒல்லியானவர் சிரித்தார். ஊமை தரையைப் பார்த்தார்.

அவர்கள் போனபிறகு அவள் டம்ளர்களைக் கழுவினாள். வீட்டுச் செலவும் மருந்தும் போகச் சம்பளத்தில் மாசம் அறுநூறு மிஞ்சும், மிஞ்சினால். இருபத்திரண்டாயிரத்தை அதைக் கொண்டு அடைக்க மூன்று வருஷம் தாண்டும். வெளியே விற்கலாம் என்றால் புத்தகம் கிளட்ச்சின் பீரோவில் இருந்தது. கார் போயும் கடன் இருக்கும். கார் இல்லாத வீட்டில் காருக்காகக் கடன் கட்டுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை. டம்ளர் கழுவின மாதிரியே இருந்தது.

மறுநாள் சலவைக் கூடத்தில் அவள் விரிப்பை உருளைக்குள் கொடுக்க, அந்தப் பக்கம் நெட்டை நின்று பிடித்து மடித்தாள். நெட்டை அவளோடு பல வருஷமாக வேலை செய்பவள், உருளையின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். இன்சூரன்ஸ் விஷயத்தை அவள் சொன்னதும் நெட்டை விரிப்பைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"என் வீட்டுக்காரர் கைபோனுக்கு இன்சூரன்ஸ் போட்டாரு. போன் இன்னும் வீட்ல பத்திரமா இருக்கு. அவருதான் போயிட்டாரு."

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. விரிப்பு போய்க்கொண்டிருந்தது. ஒரு முனையைச் சுருக்கத்தோடு கொடுத்தால் மறு முனையில் சுருக்கத்தோடுதான் வரும், இழுத்துக் கொடுத்தால் விரிந்து வரும். அவள் கை அதை எத்தனை வருஷமாகச் செய்கிறதோ. அன்று பதினோரு மணி டீக்குக் கூடம் நின்றபோது அவள் எழுந்து போகவில்லை. மதிப்பைக் குறைத்தால் பிரீமியம் குறையும். அது ஒரு வழி. மதிப்பைக் குறைக்காமல் வேறு எதையெல்லாம் குறைக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்டதில்லை.

இன்சூரன்ஸ் போடுகிறவருக்கு அரைவிலை என்று பெயர். ஜெராக்ஸ் கடையின் மூலையில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், மேலே ஒரு காற்றாடி, அது அவர் பக்கம் மட்டும் திரும்பும். யார் போனாலும் பாதி விலைக்கு முடித்துத் தருகிறேன் என்பார், முடித்துத் தந்ததை யாரும் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் அவளைக் கண்டதும் புருஷனைப் பற்றி விசாரித்துவிட்டு, கிளட்ச் சொல்லியிருக்கிறார், நாற்பதுதானே என்று தட்ட ஆரம்பித்தார்.

மதிப்பை எதிலிருந்து எதுவரைக்கும் போடலாம் என்று அவள் கேட்டாள். முப்பத்தொன்பதிலிருந்து அறுபத்து நான்கு வரைக்கும் கம்பெனி விடும் என்றார்.

"அறுபத்திரண்டாயிரத்து நானூறு போடுங்க."

அரைவிலை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த மேஜையில உக்காந்து எனக்குத் தலை நரைச்சுப்போச்சும்மா. குறைங்க, இன்னும் குறைங்கன்னு கேட்டுருக்கேன். ஏத்துங்கன்னு ஒரு ஆளும் கேட்டதில்ல. உடம்பு நல்லா இருக்குல்ல?"

நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அவர் தட்டினார். பிரீமியம் ஆறாயிரத்து நூற்றைம்பது வந்தது. அவளிடம் இருந்தது சலவைக் கூடத்தில் முன்பணமாக வாங்கிய இரண்டாயிரத்து நூறு.

மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். வழியில் கார் நின்றுபோனால் இழுத்து வர ஆள் அனுப்புவது. வேண்டாம் என்றாள். கண்ணாடி உடைந்தால் மாற்றிக் கொடுப்பது, சாவி தொலைந்தால் செய்து கொடுப்பது, அவையும் வேண்டாம். கூட வரும் பயணிகளுக்கு அடிபட்டால் கொடுப்பது. பயணி எங்கே வரப்போகிறான், எடுத்துவிடுங்கள். டிரைவருக்கு விபத்து நடந்தால் கொடுப்பது என்று படித்தபோது அவர் கொஞ்சம் நிறுத்தினார். போன வருஷமும் அது இருந்தது. அவள் புருஷன் விழுந்தது காரில் இல்லை, குளியலறையில், அதனால் அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. அதைச் சொன்னவரும் இதே அரைவிலைதான்.

"அதையும் எடுத்துடுங்க."

வாடகைக்கு ஓட்டுவதை எடுத்தார். சேதம் வந்தால் முதல் ஐயாயிரம் நாமே போட்டுக்கொள்வது என்று எழுதினார். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தில் வந்து நின்றது. அதற்குக் கீழே போகவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள், அளந்து பார்த்தாகிவிட்டது, இன்னும் பற்றவில்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அரைவிலை காற்றாடியைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு, ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதில்லை என்றார். ஓடாத காருக்கென்று ஒரு காப்பு. ஷெட்டிலேயே நிறுத்தி வைத்தது, ரோட்டுக்கு வராது. தீப்பிடித்தால், திருடு போனால் மட்டும் பணம் கிடைக்கும். டிரைவர் என்று ஒருவரும் இருக்க மாட்டார். மதிப்பை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

"எவ்வளவு வரும்?"

"ரெண்டாயிரத்து அம்பது. ஆனா ஓனர் கையெழுத்து வேணும்மா. நான் ஓட்ட மாட்டேன், யாரையும் ஓட்ட விடமாட்டேன்னு. கைநாட்டுன்னாலும் பரவால்ல."

அவர் அச்சடித்துக் கொடுத்த அந்த உறுதிமொழித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. நடந்தாள்.

செவ்வாய் காலை புருஷனை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தபிறகு அவள் மேலே போகவில்லை. சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். இந்தக் காரில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தது குறைவு, சவாரிக்கு ஏறும் ஆள் மாதிரி பின்னால்தான் உட்காருவாள். சீட்டு உறையிலிருந்து ரப்பர் வாசனை அடித்தது. டாஷ்போர்டில் தூசி. துடைக்கலாம் என்று நினைத்தாள், துடைக்கவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பது போட்டால் கார் போயும் இருபத்திரண்டாயிரம் நிற்கும் என்பது, அறுபத்திரண்டு போட்டால் எல்லாம் தீரும் என்பது, கையில் இரண்டாயிரத்து நூறுதான் இருக்கிறது என்பது. பிறகு தாளை எடுத்து ஸ்டியரிங்மேல் விரித்து வைத்தாள். அவன் படிக்கத் தெரிந்தவன், ஆனால் படிக்கவில்லை.

"என்ன எழுதியிருக்கு?"

"நீங்க ஓட்ட மாட்டீங்கன்னு எழுதியிருக்கு."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு வருஷம்."

அவன் இடது கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. மேல்மாடியில் யாரோ வாளியை இழுக்கும் சத்தம் கேட்டது. அவன் அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள், அல்லது திட்டுவான் என்று. எது வந்தாலும் வாங்கிக்கொள்ள இடம் ஒதுக்கி வைத்திருந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். எதுவும் வரவில்லை.

"போட மாட்டேன்னு சொன்னா?" என்றான்.

"நாப்பதுக்குப் போட்டுக்கலாம். நான் கட்டிக்கறேன்."

"மூணு வருஷமா?"

"கூடவே ஆகும்."

அவன் இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து வலது கைமேல் வைத்தான். அதைத் தூக்கித் தன் மடியில் ஒழுங்காக வைத்தான், பக்கத்து வீட்டுக் குழந்தையை உட்கார வைப்பதுபோல.

"ஒரு மாசமா இந்தக் கால்ல பிரேக் அழுத்திப் பாக்கறேன்டி. அழுத்தறனா இல்லையான்னே தெரியல. கீழ குனிஞ்சு பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன்." குனிந்து காலைப் பார்த்தான். "கீழ பாத்துக்கிட்டு ஓட்டறவன் வண்டியில எவன் ஏறுவான்? நானே ஏற மாட்டேன்."

அவள் ஸ்டியரிங்மேல் இருந்த தாளை நேராக்கி வைத்தாள்.

"மை கொண்டாந்தியா?"

கொண்டு வந்திருந்தாள். அவன் இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்து, தாளில் வைத்து அழுத்தினாள். அவன் அழுத்தினானா அவள் அழுத்தினாளா என்று தெரியாதபடிக்கு ரேகை நன்றாகவே விழுந்தது. விரலைத் தன் முந்தானையில் துடைத்துவிட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கவா என்று அவன் கேட்டான். இருங்கள் என்று சொல்லிவிட்டு மேலே போய்ச் சமைத்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிளட்ச் அதே இரண்டு டிரைவர்களோடு வந்தார். கடன் சீட்டையும் காரின் புத்தகத்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். அவள் அரை நாள் விடுப்புப் போட்டிருந்தாள், அரை நாள் சம்பளம் போகும். நாத்தனார் கொடுத்தனுப்பியதாக ஒரு பாட்டில் மருந்துத் தைலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, காகிதத்தைக் கேட்டார். கொடுத்தாள்.

அவர் கண்ணாடி போடாமல் எட்டப் பிடித்துப் படித்தார். பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டப் பிடித்துப் படித்தார்.

"அரைவிலைக்குக் கண்ணு தெரியலையா? அறுபத்திரண்டுன்னு அடிச்சிருக்கான்."

"நான்தான் போடச் சொன்னேன் அண்ணே."

"யாரு சொல்லிக்குடுத்தா?"

யாரும் இல்லை என்றாள். அவர் அவள் புருஷனைப் பார்த்தார். அவன் கட்டிலில் சாய்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிளட்ச் மறுபடி காகிதத்துக்குத் திரும்பினார், கீழ்ப்பகுதிக்கு வந்தார். அவர் கழுத்து சிவந்தது, ஆனால் குரல் ஏறவில்லை. பாதியில் வைத்தே ஓட்டுகிறவர்.

"இது நிறுத்தி வெச்ச வண்டிக் காகிதம் தங்கச்சி. இத வெச்சு ரோட்டுல இறக்க முடியாது. நான் முழுசா வேற இன்சூரன்ஸ் போடணும். இது ஒரு காகிதமா?"

தேதி முடியாத காகிதம் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் ஒல்லியானவர் பேசினார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"உயிரோட இருக்கற காகிதம்தானே அண்ணே. அதுல ஓடற காகிதம், நிக்கற காகிதம்னு நம்ம ஸ்டாண்டுல பிரிச்சுச் சொன்னதில்லையே. என் வண்டி கியர்பாக்ஸ் புதுசு, காகிதத்துல அது இல்லையேன்னு நான் அன்னைக்கு அழுதேன். காகிதம் சொன்னது விலைன்னு நீங்கதான் சொன்னீங்க."

கிளட்ச் ஊமையின் பக்கம் திரும்பினார். இரண்டாவது சாட்சி. ஊமை தொண்டையைச் செருமினார்.

"காகித விலைக்கு எடுத்துக்கறேன்னு ஞாயித்துக்கிழம சொன்னீங்க," என்றார். அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

கிளட்ச் காகிதத்தை மடித்து மேஜைமேல் வைத்தார். மனசுக்குள் கூட்டிக் கழித்திருப்பார். வெளியே விற்றால் அந்தக் காருக்கு எழுபது வரும், அது அவருக்குத் தெரியும், அதனால்தான் நாற்பதுக்குக் கேட்டார். அறுபத்திரண்டுக்கு எடுத்தாலும் நஷ்டம் இல்லை. லாபம் ஒல்லியாகிவிட்டது, அவ்வளவுதான். ஸ்டாண்டில் வாக்கை மாற்றினார் என்ற பேச்சு வந்தால் அடுத்த கார் கிடைக்காது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உங்க அண்ணிகிட்ட இத நான் எப்படிச் சொல்லப்போறேன்னு தெரியல," என்று அவள் புருஷனைப் பார்த்துச் சொன்னார். அக்காள் என்பதற்குப் பதில் அண்ணி என்று வாய் தவறியது அவருக்கே தெரியவில்லை. யாரும் திருத்தவில்லை.

ரோட்டில் ஓடக்கூடாத கார் என்பதால் தூக்கிப்போகும் லாரி ஒன்று வர வேண்டியிருந்தது. அதற்கு வாடகை கிளட்ச்சுடையது. லாரி வந்து சந்தில் நின்று பலகையைச் சாய்த்தது. டிரைவர்கள் இரண்டு பேரும் தள்ளினார்கள், கார் அசையவில்லை. மேலே ஜன்னலிலிருந்து அவள் புருஷன் கூப்பிட்டான்.

"ஹேண்ட்பிரேக் பிடிச்சிருக்கும். இறக்கிட்டு, முன்னால ஒரு ஜாண் தள்ளிட்டு அப்புறம் பின்னால இழுங்க. மெதுவா."

அப்படியே செய்தார்கள். கார் வந்தது. ஒல்லியானவர் மேலே பார்த்துக் கையை உயர்த்தினார். அவன் இடது கையை உயர்த்தினான். அவள் ஷெட் வாசலில் நின்று பார்த்தாள். கார் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது, அகலமாக. பார்த்தால் ஏதாவது செய்யும் என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை.

லாரிக்காரன் சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்தபோது கிளட்ச் கடன் சீட்டைச் சுவரில் வைத்து எழுதினார். பேனா முதலில் எழுதவில்லை, உதறினார். பைசல் என்று எழுதி, குறுக்கே இரண்டு கோடு போட்டு, கீழே கையெழுத்துப் போட்டார். தேதி என்ன என்று கேட்டார், அவள் சொன்னாள். சாட்சிகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். சீட்டை அவளிடம் நீட்டினார்.

"சரியா இருக்கான்னு பாத்துக்க."

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அறுபத்திரண்டாயிரத்து நானூறு, பைசல். சரியாக இருக்கிறது என்றாள்.